உத்திரமேரூர்: மூன்று தளத்துப் பெருமாளும் ஒரு ஏரியும்

தை மாதத்துக் காலையில் காஞ்சிபுரத்திலிருந்து பேருந்து ஏறினேன். ஊர் நெருங்க நெருங்கச் சாலையோரத்தில் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். ஓட்டுநர் ஒவ்வொரு நெற்பரப்பையும் ஒதுங்கி ஒதுங்கியே ஓட்டினார்.

முதலில் சுந்தர வரதராஜப் பெருமாள். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில் எழுந்த கோயில். ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் இது இல்லை என்றால் பலரும் நம்பமாட்டார்கள். விமானம் ஒன்றுதான், அதற்குள் மூன்று தளம்: கீழே நின்ற கோலம், நடுவில் இருந்த கோலம், உச்சியில் கிடந்த கோலம். கீழ்த்தளத்தில் மட்டும் நாலு திசைக்கும் நாலு வரதர்கள். கிழக்கே சுந்தரர், தெற்கே அச்சுதர், மேற்கே அநிருத்தர், வடக்கே கல்யாணர். பாண்டவர்கள் வழிபட்டதாகத் தலபுராணம் சொல்கிறது.

"தலை ஜாக்கிரதை சார், குனிஞ்சே வாங்கோ" என்றபடி அர்ச்சகர் முன்னால் ஏறினார். குறுகலான படி. இரண்டாம் தளத்தில் வைகுண்ட வரதரைச் சுற்றி யோக நரசிம்மர், லட்சுமி வராகர், அர்ச்சுனனோடு கிருஷ்ணர். எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு இல்லை. மேலே அரங்கர். ஆரத்தி வெளிச்சத்தில் திருமுகம் தெரிந்த கொஞ்ச நேரத்தில், கேட்க வந்ததெல்லாம் மறந்துபோனது. கையில் துளசி வைத்து, "மெதுவா இறங்குங்கோ" என்றார்.

அடுத்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில். ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது இதன் சுவர்தான். முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919லும் 921லும், சதுர்வேதிமங்கலம் என்று அப்போது பேர் பெற்ற இந்த ஊரின் சபை, ஊர் வேலைகளைப் பார்க்கும் வாரியங்களுக்கு ஆள் எடுக்கச் செய்த ஏற்பாடு இங்கே கல்லில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் குடவோலை என்று ஒரு வரியில் படித்ததுதான். நேரில் நின்று எழுத்தைக் கூட்டிப் படிக்கும்போது அதில் மனுஷ வாசனை அடிக்கிறது.

ஊரை 30 குடும்பாக, அதாவது இன்றைய வார்டு மாதிரிப் பிரித்து, பேர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்குகிறார்கள். எடுப்பது விவரம் அறியாத ஒரு சிறுவன். அந்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டுமாம். விரல் இடுக்கில் வேறு ஓலை மறைந்திருக்கக் கூடாதே! யாரோ ஒருவர் முன்பே அப்படிச் செய்து பிடிபட்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது. சட்டத்தில் இவ்வளவு நுணுக்கம் சும்மா வராது.

வாரியத்துக்கு நிற்பவருக்குக் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். 919இல் வயது 30 முதல் 60 என்று வைத்தவர்கள், இரண்டே வருஷத்தில் 35 முதல் 70 என்று மாற்றிவிட்டார்கள். கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவன் மட்டுமா? அவன் சிற்றன்னை, பெரியன்னை பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று உறவு முழுவதையும் ஒதுக்குகிறது அந்தக் கல். கழுதை மேல் ஏற்றப்பட்டவனும் கள்ள ஓலை எழுதியவனும் அதே பட்டியலில். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். காவலாளி திரும்பிப் பார்த்தார்.

ஆனால் ஒன்று மனதில் உறுத்தாமல் இல்லை. இது பிராமணர் சபை. சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களின் பேர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. உலகுக்கே மக்களாட்சி தந்த ஊர் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

தேர்ந்தவர்கள் 360 நாள் பொறுப்பில் இருந்தார்கள். 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். ஏரிக்கென்று தனியாக ஆறு பேர்! அந்த ஏரியைப் பார்க்காமல் எப்படித் திரும்புவது? கல்வெட்டில் அதன் பெயர் வைரமேகத் தடாகம். சோழருக்கு முன்பே, பல்லவர் காலத்தில் வெட்டியது. வண்டல் எடுப்பதற்கென்று பொன் எழுதிவைத்தவர்களும் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள்.

கரைமேல் நடந்தேன். நல்ல வெயில், தண்ணீர் தளும்பிக் கிடந்தது. மதகுக்குக் கீழே ஒரு பெரியவர் மண்வெட்டியால் வாய்க்காலில் மண் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அறுப்பு முடிந்த வயலில் நவரைப் பட்டத்து நெல்லுக்குத் தண்ணி விடுகிறாராம்.

"எங்கேருந்து தம்பி வர்றீங்க? கோயிலுக்கா?"

"ஆமாங்க ஐயா. மேல அரங்கநாதர் வரைக்கும் போய்ட்டு வந்தேன்."

"எனக்கு முட்டி வலி, ஏற முடியல. நாலஞ்சு வருஷமாச்சு மேல போயி."

கையில் இருந்த துளசியை நீட்டினேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு இலையை வாயில் போட்டார், மிச்சத்தைக் காதோரம் செருகிக்கொண்டார். பிறகு குனிந்து, பாதியில் நின்ற மண்ணை வெட்டி ஒதுக்கத் தொடங்கினார். வாய்க்கால் திறந்து தண்ணீர் வயலுக்குள் ஓடியது.