‘இல்லையே’ என்று முடியும் கேள்வி

அரசு மருத்துவமனை ஒன்றில், ஹெச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கான ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து சிகிச்சை மையத்தில் பதினாறு ஆண்டுகளாக ஆலோசகராகப் பணிபுரிகிறேன். கொங்குப் பகுதி மாவட்டம். லாரி ஓட்டுநர்கள், ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலாளர்கள், பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் எனக் காலை எட்டு மணிக்கே வரிசை நின்றுவிடும். என் மேசைக்கு வருகிறவர்கள் முதலில் மாத்திரை டப்பாவை எடுத்து வைப்பார்கள். மிச்சமிருப்பதை எண்ணி, எத்தனை நாள் தவறியிருக்கிறது என்று கணக்கிட்டு, எங்களிடம் இருக்கும் வெள்ளை அட்டையிலும் அவர்கள் கையில் இருக்கும் பச்சைப் புத்தகத்திலும் எழுதுவேன். ஒருவர் தம் வீட்டில் எப்படி வாழ்கிறார் என்பதை அந்த டப்பாவே சொல்லிவிடும். பெரும்பாலும் லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்திருப்பார்கள். பேருந்தில் மாத்திரை குலுங்கும் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று சிலர் உள்ளே பஞ்சு அடைத்திருப்பார்கள். அந்தப் பஞ்சை எடுத்து வைத்துவிட்டு எண்ணுவதும், எண்ணி முடித்ததும் திரும்ப அடைத்துக் கொடுப்பதும் எனக்குப் பழகிப்போன வேலை.

2019ஆம் ஆண்டில் ஒரு நாள், பல ஆண்டுகளாக ஒரு வேளைகூடத் தவறாமல் மருந்து எடுத்துவந்த லாரி ஓட்டுநர் ஒருவர், சீல் உடைக்காத டப்பா ஒன்றை என் மேசையில் வைத்தார். (அவரையும் இங்கே நான் குறிப்பிடும் மற்றவர்களையும் யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதவாறு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) “இது எனக்கு வேண்டாமுங்க மேடம், இல்லாதவங்க யாருக்காச்சும் குடுத்துருங்க” என்றார். எனக்கு அது மருந்தை நிறுத்த நினைப்பவரின் பேச்சாகவே பட்டது. மருந்தை விட்டால் கிருமி எதிர்ப்புத்தன்மை பெற்றுவிடும், உடலின் எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்கள் குறைந்துவிடும் என்று கால் மணி நேரம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவரும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எழுந்து போகும்போது ஏதோ உறுத்த, “தப்பான எண்ணம் எதுவும் இல்லையே அண்ணா?” என்று கேட்டேன். “அதெல்லாம் இல்லைங்க மேடம்” என்று சிரித்துவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் அவருடைய மைத்துனர் தொலைபேசியில் அழைத்து, அவர் உயிரை மாய்த்துக்கொண்டதைச் சொன்னார்.

அன்று மாலை அவருடைய வெள்ளை அட்டையை எடுத்துப் பார்த்தேன். ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையைக் கடைசியாக எடுத்தபோது, கண்டறிய இயலாத அளவு என்று இருந்தது. எங்கள் பதிவேட்டின் கணக்குப்படி சிகிச்சை முழு வெற்றி பெற்றவர் அவர். அந்த அட்டையில் ‘இறப்பு’ என்று எழுதி முடித்தேன். மையத்துக்கு வராமல் நின்றுபோனவர்களைத் தொடர்பில்லாதவர்கள் பட்டியலில் சேர்க்கிறோம், இறந்தவர்களை இறந்தவர்கள் பட்டியலில் சேர்க்கிறோம். அந்த இரண்டு பட்டியல்களுக்குள்ளும் எத்தனை பேர் தாங்களாகவே வாழ்வை முடித்துக்கொண்டவர்கள் என்பதை நான் அதுவரை தேடிப் பார்த்ததே இல்லை.

நான் கேட்ட கேள்வியைப் பற்றித்தான் அதன்பிறகு நெடுநாள் யோசித்தேன். தமிழில் ‘இல்லையே?’ என்று முடியும் கேள்வி, இல்லை என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கப்படுவது. ‘காய்ச்சல் இல்லையே?’ என்று தாய் கேட்பதில் பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கக் கூடாதே என்ற அவளுடைய பதைப்பு இருக்கிறது; கேட்கப்பட்டவர் அந்தப் பதைப்பைத் தணிக்கும் பதிலைத்தான் சொல்வார். அன்று அந்த அண்ணன் செய்ததும் அதுதான். அதோடு ‘தப்பான எண்ணம்’ என்று வேறு சொல்லியிருந்தேன். ஏற்கெனவே வாழ்க்கையில் தப்பு செய்துவிட்டவர் என்று ஊரும் உறவும் முத்திரை குத்திய ஒருவரிடம், அவர் மனதில் ஓடுவதும் தப்பு என்று சொல்லிவிட்டு, அது இருக்கிறதா என்று கேட்டால் யார்தான் ஆம் என்பார்?

இந்த நோய்க்கு நம் ஊரில் ஒட்டிய அவமானம் அவ்வளவு ஆழமானது. 1986இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகளை டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அதன்பின் வந்த ஆண்டுகளில் விழிப்புணர்வு என்ற பெயரில் மண்டை ஓடுகளை வரைந்து மக்களைப் பயமுறுத்தினோம். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அதைத் தொடங்கிய முதல் மையங்களில் ஒன்று. 2017 முதல், சி.டி.4 எவ்வளவு இருந்தாலும், தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே மருந்து தொடங்கப்படுகிறது. நாளுக்கு ஒரே மாத்திரை. வைரல் லோடு கண்டறிய இயலாத அளவில் நீடித்தால் உடலுறவின் வழியாக அவரிடமிருந்து தொற்று பரவாது. மருத்துவம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. மண்டை ஓடு மட்டும் இன்னும் பலருடைய மனச்சுவரில் அப்படியே மாட்டியிருக்கிறது. ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ‘பாசிட்டிவ்’ என்று கேட்டுவிட்டு என் முன்னே வந்து உட்காருகிறவர், “எத்தனை நாளைக்கு மேடம் இருப்பேன்?” என்றுதான் இப்போதும் கேட்கிறார்.

முதல் ஆண்டுதான் மிகவும் ஆபத்தானது. 1997 முதல் 2012 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொற்று உறுதியானவர்களின் இறப்புகளை ஆராய்ந்தபோது, அவர்களிடையே தற்கொலை விகிதம் பொதுமக்களைவிட ஏறத்தாழ இருமடங்காக இருந்ததும், அந்தத் தற்கொலைகளில் பத்தில் நான்கு, தொற்று தெரியவந்த முதல் ஆண்டுக்குள்ளேயே நிகழ்ந்திருந்ததும் தெரியவந்தன. அங்கேயும் மருந்து இலவசம்தான். நான் கண்டவரையில், முதல் ஆண்டுக்குப் பிறகும் சில கட்டங்கள் இருக்கின்றன: கணவன் இறந்த பிறகு மாமியார் வீட்டில் தட்டும் தம்ளரும் தனியாக வைக்கப்படும் நாள், மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கும் காலம், குடி கூடிப்போகும் மாதங்கள், காசநோயும் சேர்ந்துகொள்ளும்போது. அந்தச் சமயங்களில் வைரல் லோடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் அதை நம்பி இருப்பதில்லை.

மருந்தாலேயே மனம் கலங்குவதும் உண்டு என்பதை நான் கற்றுக்கொண்டது ஓர் இளம் விதவையிடமிருந்து. அப்போதெல்லாம் எஃபாவிரென்ஸ் கலந்த மாத்திரையைத்தான் பெரும்பாலோருக்குக் கொடுத்தோம். ‘முதல் இரண்டு வாரம் கனவு வரும், தலை சுற்றும், போகப் போகச் சரியாகிவிடும்’ என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லி அனுப்புவேன். அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதமாகியும் சரியாகவில்லை. ஒவ்வொரு இரவும் கிணற்றுக்குள் விழுந்துகொண்டே இருப்பதுபோலக் கனவு. இறந்துபோன கணவன் கூப்பிடுகிறான் என்று வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். “தூங்கவே பயமா இருக்குதுங்க மேடம், ஒரேயடியாப் போயிட்டா இந்தக் கனவு வராதுல்லங்க” என்றாள். அந்தச் சொல் கேட்டதும் அப்படியே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் மருந்தை மாற்றினார். சில வாரங்களில் கனவு நின்றது. பின்னர் 2014இல், அமெரிக்காவில் நான்கு மருந்து ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து வெளியான பகுப்பாய்வு, எஃபாவிரென்ஸ் எடுத்தவர்களிடம் தற்கொலை எண்ணமும் முயற்சியும் ஏறத்தாழ இருமடங்காக இருந்ததைக் காட்டியது. இப்போது டோலுடெக்ராவிர் கலந்த மாத்திரை வந்துவிட்டது. அதில் சிலருக்குத் தூக்கம் கெடுகிறது. தூக்கம் எப்படி என்று கேட்காமல் இப்போது நான் யாரையும் அனுப்புவதில்லை.

ஓட்டுநர் அண்ணனின் இறப்புக்குப் பிறகு நடந்த ஒரு பயிற்சியில், மனநல மருத்துவர் ஒருவர் எங்களை இருவர் இருவராக உட்காரவைத்து அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கச் சொன்னார். “செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?” இவ்வளவுதான். அனுபவமுள்ள ஆலோசகர்கள் பாதிப் பேருக்கு அது வாயில் வரவில்லை, எனக்கும் வரவில்லை. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் அந்த அறையில் எல்லோருக்கும் இருந்தது. கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை, மாறாகப் பலருக்குப் பாரம் இறங்குகிறது என்று அவர் விளக்கினார். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தின் கடைசிக் கேள்வியும் இதைத்தான் கேட்கிறது. ஆனால் படிவத்தின் தமிழ் எங்கள் வரிசையில் நிற்பவர்களின் தமிழாக இல்லை. அதனால் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, “இந்த மாதிரி நிலைமையில நிறையப் பேருக்குச் செத்துப்போயிடலாம்னு தோணும். உங்களுக்குத் தோணுச்சுங்களா?” என்று கேட்கிறேன். தோன்றியது என்றால், எப்படி என்று யோசித்தீர்களா, அதற்கான பொருள் வீட்டில் இருக்கிறதா, எது இதுவரை தடுத்தது என்று அடுத்தடுத்துக் கேட்கிறேன்.

ஆம் என்ற பதில் வந்த பிறகுதான் வேலை கடினமாகிறது. சீட்டு எழுதிக் கொடுத்து மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் போவதில்லை என்பதே என் அனுபவம். அதனால் என் மேசையைப் பூட்டிவிட்டுக் கூடவே நடந்து போகிறேன். போலீஸ் கேஸ் ஆகிவிடுமா என்று சிலர் வழியிலேயே கேட்பார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது, எண்ணத்துக்காக யாரும் உங்களைத் தொடமாட்டார்கள் என்று சொல்வேன். இன்னொரு சிக்கல், வீட்டில் யாருக்கும் நோய் தெரியாது என்பது. அதே ஆண்டு வந்த எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் அவருடைய ஒப்புதல் இல்லாமல் நோய் விவரத்தை வெளியே சொல்லத் தடை விதிக்கிறது. அப்படித் தடுப்பது சரியும்கூட. ஆனால் அன்றிரவு அவர் தனியாக இருக்கக் கூடாது. அவர் சம்மதத்தோடு, அவர் நம்பும் ஒருவரை அழைத்து, “அவருக்கு மனசு சரியில்லை, நாலு நாளைக்குத் தனியா விடாதீங்க, தோட்டத்துப் பூச்சிமருந்து எதுவும் வீட்டுல வைக்காதீங்க” என்று மட்டும் சொல்கிறேன். நோயின் பெயர் அந்தப் பேச்சில் வருவதில்லை. வரவேண்டிய தேவையும் இருப்பதில்லை. பச்சைப் புத்தகத்தின் பின் அட்டையில் தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் எண் 14416, சுகாதார உதவி எண் 104 இரண்டையும் பெரிதாக எழுதித் தருகிறேன். மறுநாள் காலை நானே அழைக்கிறேன்.

கொரோனாவுக்குப் பிறகு, நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறோம். பேருந்துச் செலவும் சம்பள இழப்பும் மிச்சமாவதால் அது அவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் ஆண்டுக்கு நான்கே முறை பார்க்கும் முகத்தில் மாற்றத்தை எப்படிக் கண்டுகொள்வது என்ற கவலை எனக்குத் தீரவில்லை.

சென்ற ஆண்டு தொடக்கத்தில் ஒரு ரிக் வண்டித் தொழிலாளி, முப்பது வயதிருக்கும், அந்தக் கேள்விக்கு நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தோணுதுங்க” என்றார். அன்று இருவரும் மனநலப் பிரிவின் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மாத்திரையும் பேச்சும் சேர்ந்து அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டன. ஆவணியில் மருந்து வாங்க வந்தபோது டப்பாவில் பஞ்சு இல்லை. எண்ணினேன்; சரியாக இருந்தது. மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டேன். “இப்ப இல்லீங்க மேடம்” என்றவர், பச்சைப் புத்தகத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே, “தீவாளிக்கு வண்டியெல்லாம் ஊருக்குத் திரும்பிரும், எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிருவாங்க. அப்பக் கொஞ்சம் கேளுங்க” என்றார். மேசை நாட்காட்டியில் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் அவருடைய பதிவு எண்ணை எழுதி, சிவப்பு மையால் வட்டமிட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.