மார்புக்குக் கீழே ஓர் இடுப்பு: 1810களின் கவுன், இதுவரை

பழைய காலத்துக் கதை சொல்லும் பீரியட் நாடகம் எது பார்த்தாலும் நாயகி திரும்பி நடக்கும் காட்சியில் நிறுத்திவிடுவேன். உடையின் முதுகுத் தையல் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும், அப்படி ஒரு கவுனை நானே தைத்துக்கொண்டிருக்கிறேன். இப்படிப் பார்த்துப் பார்த்து ஒன்று பிடிபட்டது. ஐரோப்பியப் பெண்களின் உடை எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க, இடுப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 1780களில் அது உடம்பின் இடுப்பிலேயே இருக்கிறது. 1790களில் மளமளவென்று ஏறி மார்புக்குக் கீழே போய் நின்றுகொள்கிறது. 1820களில் மெல்ல இறங்கி, 1830 வாக்கில் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது.

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலைப் பலமுறை எடுத்திருக்கிறார்களே, அதில் இரண்டை மட்டும் அடுத்தடுத்துப் பாருங்கள். 1995இல் வந்த பிபிசி தொடரில் நாவல் வெளியான 1813ஐ ஒட்டிய உயர்ந்த இடுப்பு. 2005 படத்தின் இயக்குநர் ஜோ ரைட்டுக்கு அந்த உயர்ந்த இடுப்பு பிடிக்கவில்லை. அதனால் கதையையே 1790களுக்குத் தள்ளி, இடுப்பையும் இறக்கிவிட்டார்கள். இரண்டிலும் நாயகி அதே எலிசபெத்தான், ஆனால் நடை வேறு, நிற்கும் விதம் வேறு.

எனக்கு 1813தான் வேண்டும். 44 இஞ்ச் பன்னாவில் (துணியின் அகலம்) 6 மீட்டர் வெள்ளை மல்மல், அதாவது மெல்லிய பருத்தித் துணி, வாங்கினேன். அந்தக் காலத்து மஸ்லினும் இதன் உறவுதான். டாக்காவில் நெய்த மெல்லிய மஸ்லினுக்கு ஐரோப்பாவில் பெரிய மதிப்பு இருந்தது. 1783இல் விஜே லெ ப்ரன் என்ற பெண் ஓவியர், பிரெஞ்சு அரசி மேரி அந்துவானெத்தை வெள்ளை மஸ்லின் உடையில் வரைந்து பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். அரசி உள்ளாடையோடு நிற்கிறாள் என்று ஊரே கொதிக்க, படத்தை எடுத்துவிட வேண்டியதாயிற்று. அடுத்த இருபது வருஷத்தில் அதே வெள்ளை உடைதான் நாகரிகம்!

முதல் இரண்டு வாரம் வீணாயிற்று. ஆசையில் நேராகக் கவுனைத் தைத்துவிட்டேன். போட்டுப் பார்த்தால் இடுப்புத் தையல் வயிற்றுப் பக்கம் சரிகிறது, முன்பக்கம் தொளதொளவென்று தொங்குகிறது. வெட்டு சரி, அளவும் சரி. உள்ளே தாங்குவதற்குத்தான் எதுவும் இல்லை. மேலே தெரியும் வடிவம் முழுக்க அடியில் இருப்பதன் வேலை என்பது அப்போதுதான் உறைத்தது. மொத்தத்தையும் பிரித்தேன்.

அப்புறம் வரிசையாகப் போனேன். முதலில் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் ஷிஃப்ட், அதாவது அடியில் போடும் நீள உள்ளாடை. சதுரமும் நீள்சதுரமும் முக்கோணமுமாக வெட்டுவதால் துணி வீணே ஆகவில்லை. அக்குளில் வைக்கும் சின்னச் சதுரத் துண்டுதான் அதன் உயிர். அதைக் குறுக்குவாட்டில் வைத்துத் தைத்தால் கையை முழுக்கத் தூக்கலாம், தையல் இழுக்காது.

அடுத்தது ஸ்டேஸ், உடம்பைத் தாங்கிப் பிடிக்கக் கயிற்றால் கட்டும் உள்கச்சு, அதாவது கார்செட்டின் மூத்த அக்கா. இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே பருத்திக் கயிறு கோத்துத் தைத்தேன். முன்பக்கம் நடுவில் தட்டையான மரச்சட்டம் ஒன்று செருக வேண்டும். நான் 30 செ.மீ. மர ஸ்கேலைச் செருகினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. முதுகில் கட்டும் கயிறு நுழைய, பக்கத்துக்கு 12 கண், அதாவது துளை. குத்தூசியால் இழைகளை அறுக்காமல் விலக்கி, ஓட்டையைச் சுற்றி நெருக்கமாக நூல் ஓட்ட வேண்டும். ஒரு கண்ணுக்குப் பத்து நிமிஷம். உலோக வளையம் 1820களின் கடைசியில்தான் வந்தது, அதுவரை எல்லாம் கைத்தையல்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'பிரிட்ஜர்டன்' தொடரின் முதல் பகுதியில் ஒரு பெண்ணை மூச்சு முட்டக் கயிறு இழுத்துக் கட்டுகிறார்கள். கதை நடப்பது 1813இல். இடுப்பே வெளியே தெரியாத கவுனுக்கு இடுப்பை ஏன் நெரிக்க வேண்டும்? சோதித்துவிடலாம் என்று என் கயிற்றைப் பலம்கொண்ட மட்டும் இழுத்தேன், கண்ணில் நூல் பிய்யத் தொடங்கியது. அளவாகக் கட்டிக்கொண்டு அரை நாள் வீட்டுவேலை பார்த்தேன். மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை, குனிவது மட்டும் இடுப்பிலிருந்து குனியாமல் முழங்காலை மடக்கி. நாடகங்களில் அந்தப் பெண்கள் அப்படி நிமிர்ந்து உட்காருவது வெறும் நடிப்பில்லை என்று முதுகுக்குப் புரிந்தது.

இதற்குமேல் கவுனை மறுபடி வெட்டினேன். முதுகுத் துண்டு ஆச்சரியமான அளவுக்குக் குறுகல், மேலே ஒரு சாண்கூட இல்லை. கவுனின் கைகள் பின்னால் தள்ளிப் பொருந்துவதால் தோள் தானாகப் பின்னுக்குப் போகிறது. பாவாடையின் முன்பக்கம் தட்டை. விரிவு முழுவதையும் நடுமுதுகில் ஆறு இஞ்சுக்குள் சுருக்கிப் பிடிக்க வேண்டும், கொசுவம் வைத்த மாதிரி. இடுப்புத் தையல் போன முறை சரிந்தது, இந்த முறை நின்ற இடத்தில் நின்றது. நடந்து பார்த்தேன், துணி பின்னால் அலை மாதிரி வந்தது. நிறுத்தி நிறுத்திப் பார்த்த காட்சியில் இருந்த அதே அசைவு. கண் கலங்கிவிட்டது.

கீழோரம் மடித்துத் தைப்பது மட்டும் பாக்கி, சுமார் இரண்டரை மீட்டர் சுற்றளவு, தினமும் கொஞ்சம். அடுத்தது 'ஜென்டில்மேன் ஜாக்' தொடரில் வரும் 1830களின் ஊதிய கைகள். அது தொங்காமல் நிற்க, தோளில் இறகு அடைத்த குட்டித் தலையணைகளைக் கட்டிக்கொள்வார்களாம். இறகுக்குப் பதில் இலவம்பஞ்சு, கால் கிலோ வாங்கி வைத்தாயிற்று.