மேசைக்கு அடியில் யானை

"என் எலெஃபான்ட் போச்சு" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். எதிரே இருந்த பெரியவர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

இங்கே செஸ் பலகையின் மூலையில் நிற்கிற காய்க்கு 'டுர்ம்' என்று பெயர். கோபுரமாம். மந்திரி, ஓட்டக்காரன். ஆறு வருஷமாச்சு, புளிப்பு ரொட்டியும் ஞாயிற்றுக்கிழமை கடையடைப்பும் பழகிவிட்டன. யானையைக் கோபுரம் என்று சொல்ல மட்டும் நாக்கு வளைய மாட்டேன் என்கிறது.

வார இறுதி ஓபன் போட்டி, ஸ்விஸ் முறை. முதல் சுற்றில் பட்டியலின் மேல்பாதியைக் கீழ்பாதியோடு கோத்துவிடுவார்கள். எனக்கு ரேட்டிங் 1480, அவருக்கு 2080. 400 புள்ளி வித்தியாசம் இருந்தாலே பத்து ஆட்டத்துக்கு ஒரு புள்ளிகூடத் தேறாது என்பது எலோ என்கிற ரேட்டிங் கணக்கு. தமிழ்நாடு என்றதும் "ஓ, குகேஷ்!" என்று கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பத்து நகர்த்தல் வரை என்னை மதித்து யோசித்தார், பாவம்.

மதிப்பு யாருக்கு வேணும்? ஊரில் என்றால் ஒரு யானையைக் கழித்துக்கொண்டல்லவா ஆடுவார்கள்! மேட்டூரை ஜூன் 12-இல் திறந்து பாமணியாற்றில் தண்ணீர் வந்து சேரும்வரை பெரியப்பாவுக்கு வேலை கிடையாது. திண்ணையில் பலகையை விரித்து, "வாடா, யானை இல்லாமயே ஆடுறேன்" என்று அதைத் தூக்கி வேட்டி மடியில் போட்டுக்கொள்வார். சுற்றி நாலு பேர்: "குதிரையப் பாருடா மண்டு!" அப்படியும் தோற்பேன். எழுந்திருக்கும்போது மடியிலிருந்து உருண்ட யானையை எல்லாரும் திண்ணைக்கடியில் தேடுவோம்.

பக்கத்துத் திருப்பூவனூரில் சாமி பெயரே சதுரங்க வல்லபநாதர். யாரும் ஜெயிக்க முடியாத ராஜகுமாரியை, சித்தராக வந்து ஆடி ஜெயித்தவர். ரேட்டிங்கே இல்லாத ஆள்! அந்தத் தைரியத்தில்தான் நானும் பணம் கட்டினேன்.

27-ஆவது நகர்த்தல். ஜி1-இல் என் ராஜா, ஈ1-இல் யானை. அவர் குதிரை எஃப்3-இல் வந்து குதித்தது. செக். ராஜாவை நகர்த்தினால் யானை போச்சு. கடிகாரத்தை மெல்ல அமுக்கினார். முன்கூட்டியே "மண்டு" என்று கத்த ஹாலில் ஒரு ஆள் இல்லை.

வெளியே வந்து, அணைத்து வைத்திருந்த செல்போனைத் திறந்து, மன்னார்குடி கோயில் யானை செங்கமலத்தின் படத்தைக் காட்டினேன். நெற்றியில் பாப் கட்டிங். ஆட்டத்தில் யோசித்ததைவிட அதிக நேரம் பார்த்தார்.

அடுத்த சுற்றுக்குப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். எதிரே பத்து வயசுப் பெண்; நாற்காலியில் இரண்டு மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தாள்.