ஏர்கோன்காரன் நாட்குறிப்பு: தீபாவளிக்கு முன்

1 அக்டோபர் 2025, புதன், சுங்கை சிப்புட்

ஆயுத பூசை. வேக்கம் பம்பு, கேஸ் மீட்டர், ஏணி, தண்ணீர் பீய்ச்சும் மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. மனைவி கடைசியாக என் கைப்பேசிக்கும் ஒரு பொட்டு வைத்தாள். "இதுவும் ஆயுதம்தான். உங்களை அதிகம் குத்துவது இதுதானே" என்றாள்.

தீபாவளி 20ஆம் தேதி. மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரில், பிள்ளைகள் பாதிப் பேர் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் வருகிறார்கள் என்றதும் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து ஏர்கோனை (ஏ.சி.யை) போடுகிறார்கள். உள்ளே தூசியும் பாசியும் சேர்ந்து தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கும். மெத்தை மேல் சொட்டத் தொடங்கியதும் என் ஞாபகம் வருகிறது. ஜூலையில் இவர்களில் ஒருவரும் கூப்பிடுவதில்லை.

சாதாரண சர்வீசுக்கு முக்கால் மணி நேரம் போதும். கழற்றிக் கெமிக்கல் போட்டுக் கழுவினால் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். ஆகவே நாளுக்கு நான்கு வீடு என்பது கணக்கு. ஒரு வீடு கைவிட்டால் கால் நாள் போயிற்று, அது தோட்டத்து வீடாக இருந்தால் அரை நாள். உறுதியானவற்றை மனைவி பேனாவிலும் மற்றதைப் பென்சிலிலும் எழுதுகிறாள். இன்று வரை பக்கம் முழுக்கப் பென்சில்தான்.

4 அக்டோபர், சனி

காலை ஒன்பது மணிக்குத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு வீடு. நேற்றிரவே "நாளை வரலாமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன். நீலக்குறி விழுந்தது, பதில் விழவில்லை. போய் நின்றால் கேட்டில் பூட்டு, உள்ளே நாய். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் சொன்னார்: "பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டார்கள். இன்றைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை, தெரியாதா?"

தெரியாமல் என்ன? நானும்தான் நெத்திலி இல்லாத நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) தேடி அலைகிறேன். ஆனால் சனிக்கிழமைதான் வேண்டும் என்று கேட்டது அவர்கள். மத்தியானம் செய்தி வந்தது: "மன்னிக்கவும் அண்ணே, மறந்துவிட்டோம். நாளை வர முடியுமா?"

படிக்காத செய்தியை மறந்தேன் என்றால் நம்பலாம். இரவு படித்துவிட்டுக் காலையில் மறப்பது என்ன வகை மறதி? வேண்டாம் என்று சொன்னால் நான் கோபித்துக்கொள்வேனாம், சந்தையில் பார்த்தால் சங்கடமாம். இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் உறவு. முகத்தை முறிக்கக் கூடாது என்று என் பிழைப்பை முறிக்கிறார்கள்.

6 அக்டோபர், திங்கள்

இனிமேல் முதல் நாள் மாலையில் எல்லாருக்கும் ஒரே செய்தி. நான் எழுதியதில் இருந்த இரண்டு 'தயவுசெய்து'வையும் மனைவி வெட்டிவிட்டாள். மிஞ்சியது இது:

"வணக்கம். உங்கள் ஏர்கோன் சர்வீஸ் நாளை காலை 11 மணிக்கு. இன்றிரவு 8 மணிக்குள் சரி அல்லது வேண்டாம் என்று அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் அந்த நேரத்தை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம். வேண்டாம் என்றால் வருத்தமில்லை."

கடைசி வாக்கியம் அவளுடையது. அதுதான் முக்கியம் என்கிறாள். புதிய வாடிக்கையாளர் என்றால் முன்பணம் 30 ரிங்கிட், டூயிட்நவ் என்ற கைப்பேசிப் பணப் பரிமாற்றம் வழியாக. பில்லில் கழித்துக்கொள்வோம். எட்டு மணிக்குள் வேண்டாம் என்றால் முழுதாகத் திருப்பி அனுப்புவோம்.

முதல் எதிர்ப்பு உடனே வந்தது. "பெட்ரோல்தான் 1.99 ஆகிவிட்டதே அண்ணே, சும்மா வந்து போக உங்களுக்கு என்ன செலவு?" போன வாரம் தொடங்கிய பூடி95 என்ற அரசாங்கப் பெட்ரோல் சலுகையைச் சொல்கிறார். 2.05 இருந்தது 1.99 ஆகியிருக்கிறது. லிட்டருக்கு ஆறு காசு மிச்சத்தில் கால் நாள் கூலியை எப்படி ஈடுகட்டுவது என்று அவரையே கேட்டேன். நீலக்குறி.

8 அக்டோபர், புதன்

தோட்டத்து வீடு ஒன்று. ஜொகூர் பாருவில் இருக்கும் மகன் முன்பணம் அனுப்பிவிட்டார், ஆனால் வீட்டில் இருக்கப் போவது தாயார். அவருக்கு அனுப்பிய செய்தி ஒற்றைக் குறியோடு நின்றது. எங்கள் சட்டப்படி போகக் கூடாது. ஆனால் கேட்டைத் தாண்டிச் செம்பனைக்குள் (எண்ணெய்ப் பனைக்குள்) நுழைந்தால் கைப்பேசிக்கு லைன் கிடையாது என்பது எனக்குத் தெரியும். லைன் இல்லாத இடத்தில் எட்டு மணிக் கெடு எதற்கு உதவும்? அதனால் தோட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கிராணியிடம் (குமாஸ்தாவிடம்) சொன்னேன். காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

போனால் நேப்பாளப் பாதுகாவலர் கையில் என் வேன் எண் எழுதிய சீட்டு! வீட்டில் அதற்கு மேல். மெத்தை சுருட்டியாயிற்று, மேசை நகர்த்தியாயிற்று, அலமாரி மேல் பழைய கைலி போர்த்தியாயிற்று. "முதலில் பசியாறுங்கள் தம்பி" என்று தோசையை வைத்தார் அம்மா. எண்பதைத் தொடுகிறவர், பால்மரம் வெட்டிய கை.

முன்பணத்தைப் பற்றி மகன் சொல்லியிருக்கிறார் போலும். சங்கடத்தோடு நான் விளக்கத் தொடங்கியதும் சிரித்துவிட்டுப் பழைய கதையைச் சொன்னார். தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், வெள்ளைக்கார முதலாளிகள் விற்றுவிட்டுப் போன தோட்டங்களைத் துண்டு போட்டார்கள், தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர் பணத்தில் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, அவர் நம் ஊர்க்காரர் ஆயிற்றே என்று இவருடைய கணவர் சம்பளத்தில் மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்டுக்கு நாங்கள் சொல்லும் பேர்) பங்குக்குக் கட்டினாராம். "பத்து வெள்ளி கட்டியவன் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து உட்காருவான். பேரை மட்டும் கொடுத்தவனைத் தேடிப் பிடிக்க வேண்டும்" என்றார். என்னோடு வந்த பையன், பாலிடெக்னிக் படிப்பு முடித்தவன், ஏணியில் நின்றபடி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

11 அக்டோபர், சனி

கடைவீதியில் நான்கு யூனிட். முதலாளி நேற்று எட்டு மணிக்கு முன்பே 'சரி' அனுப்பியவர். காலையில் நேரில் நின்றால், "தீபாவளிச் சரக்கு இறங்கிவிட்டது, ஏணி வைக்க இடமில்லை, இன்னொரு நாள் பார்ப்போம்" என்கிறார். எட்டு மணிக் கெடு இப்படிப்பட்டவரிடம் செல்லாது. பழைய வாடிக்கை என்று முன்பணமும் கேட்கவில்லை. இனி ஒன்றுக்கு மேற்பட்ட யூனிட் என்றால், பழையவரோ புதியவரோ, யூனிட்டுக்கு முப்பது.

எங்காவது முறையிடலாமே என்றான் பையன். பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, 50,000 ரிங்கிட் வரை வழக்கு எடுக்கும். ஆனால் அது வாடிக்கையாளர் எங்கள் மேல் தொடுக்க, நாங்கள் அவர்கள் மேல் தொடுக்க அல்ல. எங்களுக்கு முன்பணம்தான் தீர்ப்பாயம்.

14 அக்டோபர், செவ்வாய்

இன்றைய நாள் முழுக்க அத்தையால் போயிற்று. மனைவிக்கு அத்தை முறை. நேற்றிரவு அவரிடமிருந்து பதில் இல்லை. எட்டேகால் மணிக்கு அந்த நேரத்தை, காத்திருந்த ஒரு தாதிக்கு (நர்சுக்கு) கொடுத்துவிட்டோம். காலை ஒன்பதரைக்கு அத்தை கூப்பிடுகிறார்.

"எங்கே இருக்கிறீர்கள் மாப்பிள்ளை?"

"நீங்கள் பதில் அனுப்பவில்லையே அத்தை."

"பதில் அனுப்பாவிட்டால் வரக்கூடாது என்று அர்த்தமா? நான் வீட்டில்தானே இருக்கிறேன், எங்கே போகப் போகிறேன்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் பக்கத்தில் நின்று பார்த்தால் நியாயமாகக்கூடத் தோன்றுகிறது. கைப்பேசியை மனைவி வாங்கிக்கொண்டாள். சொந்தக்காரருக்கும் சட்டமா என்று அந்தப் பக்கம் கேட்பது எனக்கே கேட்டது. "சொந்தம் என்பதால்தான் அத்தை முன்பணம் கேட்கவில்லை" என்றாள் இவள், குரலை உயர்த்தாமல்.

வியாழன் காலை தருகிறோம், நாளை இரவு எட்டுக்குள் பதில் சொல்லுங்கள் என்று பேச்சு முடிந்தது.

15 அக்டோபர், புதன்

அத்தையிடமிருந்து குரல் செய்தி. முறுக்கு மாவு, மூட்டுவலி, யாருக்கோ பெண் பார்த்தது எல்லாம் வந்து போன பிறகு, கடைசியில் ஒரு 'சரி'. மணி ஏழு ஐம்பத்தெட்டு.

18 அக்டோபர், சனி

நிற்க நேரமில்லை. நேற்று மாலை ஒருவர், "வேண்டாம் அண்ணே, ஈப்போவில் இருந்து வருபவர் பத்து வெள்ளி குறைவாகச் சொன்னார்" என்று எழுதினார். காரணத்தைச் சொல்லியிருக்கவே வேண்டாம், ஆனாலும் மகிழ்ச்சி. பத்து நிமிடத்தில் அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டார். இப்படி நேரத்தோடு மறுப்பவருக்கு ஒரு கோழி வாங்கிக் கொடுக்கலாம். புரட்டாசிதான் முடிந்துவிட்டதே, கோழிக்கடையில் வரிசை ரோடு வரை நிற்கிறது.

23 அக்டோபர், வியாழன்

விருந்தினர்கள் கிளம்பிவிட்டார்கள், ஊர் காலி. கடைவீதி முதலாளி கூப்பிட்டார். தீபாவளி வியாபாரத்தில் நான்கு யூனிட்டில் இரண்டு நின்றுபோய், வாடிக்கையாளர்கள் விசிறிக்கொண்டே துணி பார்த்தார்களாம். முன்பணம் 120 என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு பணம் வந்தது, கூடவே ஒரு செய்தியும்: "நிச்சயம் வந்துவிடுவீர்கள்தானே? போன தடவை போல ஆகிவிடக் கூடாது."

சனிக்கிழமை காலை எட்டு மணி. சரக்கை வெள்ளிக்கிழமை இரவே நகர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.