பயோடேட்டாவுக்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு

2 ஜூன் 2025, திங்கள்
பயோடேட்டா ஃபைலை இந்த வாரம் திறக்க வேண்டாம். திறந்தால் கை தானாக 'ஷூ ஸ்டிச்சிங் லைனை மேற்பார்வை செய்தேன்' என்று அடிக்கும். அது சம்பளம் வாங்கிய வேலை, சாதனை வேறு. சாதனைகளைத் தேடி எழுத ஒரு நோட்டை எடுத்து, வேலை பார்த்த ஒவ்வொரு கம்பெனிக்கும் மூன்று பக்கம் ஒதுக்க வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டையும் பி.எஃப். இணையதளத்தின் சர்வீஸ் ஹிஸ்டரியைப் பார்த்து எழுதுவது நல்லது. அதற்கும் அனுபவக் கடிதத்துக்கும் தேதி ஒத்துப்போகாவிட்டால் சரிபார்க்கும்போது கேள்வி வரும்.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று: பழைய கடிதங்களில் 'ஆம்பூர், வேலூர் மாவட்டம்' என்று இருக்கும். 2019 பிரிவினைக்குப் பிறகு அது திருப்பத்தூர் மாவட்டம். சி.வி.யில் ஊர் பெயர் மட்டும் போதும்.

4 ஜூன், புதன்
ஞாபகத்தை நம்பினால் போன தீபாவளிக்கு முந்தியது எதுவும் வராது. இன்க்ரிமென்ட் லெட்டர், சொந்த டைரி, வாட்ஸ்ஆப் குரூப் இவற்றில்தான் தேட வேண்டும். குரூப்பில் 'ரிஜெக்ஷன்', 'ஆடிட்', 'அர்ஜென்ட்' என்று போட்டுத் தேடினால் எந்த மாதம் என்ன தொல்லை வந்தது, யார் தீர்த்தார்கள் என்பது வெளியே வரும். தொல்லை இருந்த இடத்தில்தான் சாதனையும் கிடக்கும். கம்பெனி ரெஜிஸ்டரைப் போட்டோ எடுக்கக் கூடாது. பையர் (ஆர்டர் தரும் நிறுவனம்) பெயரும் விலையும் நோட்டில்கூட வேண்டாம்.

5 ஜூன், வியாழன்
ஒவ்வொரு தொல்லைக்கும் நான்கு வரி: முன்பு எப்படி இருந்தது, நான் என்ன மாற்றினேன், பிறகு எவ்வளவு ஆனது, எத்தனை மாதத்தில். இரண்டாவது வரி காலியாக இருந்தால் அடித்துவிடலாம். ஆர்டர் குறைந்ததால் ரிஜெக்ஷனும் குறைந்திருந்தால் அது நம் கணக்கில் வராது.

8 ஜூன், ஞாயிறு
கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு லைனில் நாளுக்கு 600 ஜோடி அப்பர் (ஷூவின் மேல்பாகம்); ரீவொர்க், அதாவது திரும்பச் சரிசெய்ய வேண்டியது, 6 சதவீதம், அதாவது 36 ஜோடி. அது 4 சதவீதமானால் 24. இதை '2 சதவீதம் குறைத்தேன்' என்று எழுதினால் தப்பு. குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. '33 சதவீதம்' என்று மட்டும் எழுதினாலோ ஜம்பமாகத் தெரியும். '6-லிருந்து 4 சதவீதம், நாளுக்கு 12 ஜோடி மிச்சம்' என்பதில் யாரும் குறை சொல்ல முடியாது. 25 வேலை நாளுக்கு 300 ஜோடி.

கட்டிங்கில் இருப்பவர்கள் ஜோடிக்கு எத்தனை சதுர அடி தோல் போனது என்று பார்க்க வேண்டும். ஒரே ஆர்ட்டிகிளை (மாடலை) மட்டும் ஒப்பிடணும். பூட்ஸையும் செருப்பையும் ஒப்பிட்டு 'தோல் மிச்சம்' காட்டினால் இன்டர்வியூவில் இரண்டாம் கேள்விக்கே மாட்டிக்கொள்வோம்.

10 ஜூன், செவ்வாய்
எண்ணே இல்லாத வேலை என்று பெரும்பாலும் எதுவும் இல்லை. வேலூர் லாங் பஜார் மண்டியில் கணக்கு எழுதுபவருக்கு, முன்பு 45 நாளில் வசூலான பாக்கி 30 நாளில் வந்தால் அதுவே சாதனை. ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டரில் திருத்திய பில் எத்தனை என்று பார்க்கலாம். துல்லியமாகத் தெரியாவிட்டால் 'சுமார்' போட்டு, எப்படிக் கணக்கிட்டோம் என்பதை நோட்டின் ஓரத்தில் குறித்து வைக்கணும்.

'நாங்கள்' என்று வரும் வரிகளில் என் பங்கு எது என்று அதே ஷிஃப்டில் இருந்த ஒருவரிடம் கேட்பது நல்லது. நாம் மறந்ததை அவர் சொல்வார், நாம் கூட்டியதையும் சொல்வார். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு வரி சி.வி.க்குப் போகட்டும். மீதி நோட்டிலேயே இருக்கட்டும், இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி படிக்க.