இடியன் துவக்குக்கு எந்த வெடிமருந்து?

திருகோணமலைக் கோட்டையில் நான் வழிகாட்டி. குளக்கோட்டன் கல்வெட்டு இருக்கும் வாசலால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், மான்களைக் காட்டி, கோணேசர் கோயில் வரை நடத்துவது என் வேலை. வழியில் பழைய பீரங்கிகள் வரும். தொடக்கத்தில் அவற்றுக்கு இரண்டு வரிதான்: கோட்டையை 1624இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1803இல் ஆங்கிலேயர் பிரெடெரிக் என்று பெயர் வைத்தார்கள். படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

ஒரு நாள் தம்பலகாமத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அதில் இருந்த பெரியவர் பீரங்கியின் வாயை இடக்கையால் தடவிப் பார்த்தார். அந்தக் கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் இல்லை. மிச்சமிருந்த தோலுக்குள் பச்சை குத்தியது போல நீலப் புள்ளிகள்.

"இதுவும் இடியன் மாதிரித்தானே தம்பி? வாயால மருந்து போட்டு இடிக்கிறது?"

"ஓம் ஐயா." இடியன் என்றால் குழாயின் வாய்வழியே வெடிமருந்தை இடித்து நிரப்பிச் சுடும் நாட்டுத் துவக்கு.

"என்ரை இடியனும் பன்றிக் காவலுக்குத்தான். மாரிக்கு மருந்து ஈரமாப் போச்சு. தோட்டா ஒண்டை உடைச்சு அதுக்குள்ள இருந்ததைப் போட்டன். வழமையான அளவுதான் தம்பி, கூடப் போடேல்லை."

அந்த 'வழமையான அளவு' எனக்கு நெடுநாள் நெஞ்சில் நின்றது. அவர் அளவில் பிழை விடவில்லை. மருந்துதான் வேறு.

இடியனும் பீரங்கியும் கருமருந்துக்கென்று செய்யப்பட்டவை. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த அது எரிந்தால் பாதிக்கு மேல் புகையும் கசடுமாகத்தான் போகும். மிச்சம்தான் வாயுவாகிக் குண்டைத் தள்ளும். இப்போதைய தோட்டாக்களில் இருப்பது 1884இல் பிரான்சில் போல் வியே என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த புகையில்லா மருந்தின் வழி வந்தது. அது கிட்டத்தட்ட முழுக்க வாயுவாகிவிடும். அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும். பழைய குழாய் அதைத் தாங்காது. எந்த அளவில் போட்டாலும் சரிவராது என்பதுதான் உண்மை.

கருமருந்துக்குள்ளும் மணியின் பருமனைப் பார்த்துத் தேர்வு உண்டு. இதைச் சொல்லத்தான் இப்போது பையில் குருணல், ரவை, மா என்று மூன்று சின்னப் போத்தல் கொண்டுபோகிறேன். பிள்ளைகளின் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி விரலால் தேய்க்கச் சொல்வேன். பீரங்கிக்குக் குருணலைவிடப் பெரிய மணி, நீளத் துவக்குக்கு நடுத்தரம், கைத்துப்பாக்கிக்குச் சின்ன மணி, தீக்கல் துவக்கில் தீப்பொறி விழும் பற்றுக்கிண்ணத்துக்கு எல்லாவற்றையும்விட நுண்ணிய மணி. மணி சிறுக்கச் சிறுக்க நெருப்புப் பிடிக்கும் பரப்புக் கூடும், வேகமாக எரியும். பெரிய குழாயில் பொடிமருந்தை அடைத்தால், குண்டு நகரத் தொடங்குமுன்னே அழுத்தம் மேலே போய்விடும். அந்தக் காலத்தில் மணியைச் சல்லடையில் தரம் பிரித்தது இதற்காகத்தான்.

சுட்ட பின் குழாய்க்குள் படியும் கசடு ஈரத்தை இழுக்கும், கடற்காற்றில் சீக்கிரம் துருவேற்றும். சுடுதண்ணீரால் கழுவி உலர்த்தி எண்ணெய் பூசவேண்டும் என்பதையும் போகிறபோக்கில் சொல்வேன்.

கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு இது ஒரு கதை. மூதூர், தம்பலகாமம் பக்கத்துப் பெடியன்கள் வந்தால் எனக்கு அப்படியில்லை. வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் அவர்களைப் பீரங்கியடியில் நிறுத்திவிடுவேன். மாப் போத்தலைத் திறக்குமுன் அந்தப் பெரியவரின் கையைப் பற்றிச் சொல்வேன்.