தரைதட்டிய லிப்போ: ஏற்றுவது சுலபம், நம்புவதுதான் கஷ்டம்

ட்ரோன் பறந்து முடித்தபின் பேட்டரியைக் கழற்றாமல் விட்டாலோ, ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் காட்டும் செல் மீட்டரை பேலன்ஸ் கனெக்டரிலேயே (எல்லா செல்லிலிருந்தும் மெல்லிய கம்பிகள் வந்து சேரும் சிறிய இணைப்பு) மாட்டிவைத்து மறந்தாலோ லிப்போ (லித்தியம் பாலிமர்) பேக் தரைதட்டிவிடும், அதாவது அடியோடு காலியாகிவிடும். அப்புறம் சார்ஜரில் மாட்டினால் 'லோ வோல்டேஜ்' என்று சொல்லி நின்றுவிடும். சார்ஜரை ஏமாற்றி ஏற்றும் வித்தை யூடியூப் முழுக்கக் கிடைக்கிறது, பத்து நிமிஷ வேலை. ஏறிய பேக்கை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள மூன்று நான்கு நாளாவது ஆகும். அந்தப் பாதியைத்தான் பெரும்பாலும் வெட்டிவிடுகிறார்கள்.

5 அங்குல எஃப்பிவி ட்ரோன்களில் (கேமரா காட்சியைக் கண்முன் பார்த்தபடி ஓட்டுபவை) ஓடும் 4எஸ் 1500 எம்ஏஎச் பேக்கை வைத்தே பார்ப்போம். 4எஸ் என்றால் தொடராக இணைத்த நான்கு செல், எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-ஹவர்) என்பது கொள்ளளவு. ஒவ்வொன்றும் முழு சார்ஜில் 4.2 வோல்ட், வைத்திருக்க 3.8 முதல் 3.85 வரை, பறக்கும்போது 3.3-க்குக் கீழே போகக் கூடாது. 3.0-க்குக் கீழே செல்லில் சரக்கே கிடையாது. அங்கிருந்து மின்னழுத்தம் மளமளவென்று சரியும்.

சரிந்தால் என்ன? செல்லின் நெகட்டிவ் பக்கத்தில் கிராஃபைட்டைத் தாங்கி நிற்பது மெல்லிய செப்புத் தகடு. 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்க இறங்க அந்தச் செம்பு எலக்ட்ரோலைட்டில் கரையும் ஆபத்து கூடுகிறது. நாள்கணக்கில் அப்படியே கிடந்தால் இன்னும் மோசம். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படியும், ஊசி ஊசியாக வளரும், ஒருநாள் பிளஸ், மைனஸ் பக்கங்களைப் பிரித்துவைக்கும் செப்பரேட்டரைத் துளைத்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். வெற்று செல் கிடக்கும்போது சாதுவாகத்தான் கிடக்கும். நாம் மின்சாரம் ஏற்றியபிறகுதான் தீப்பிடிக்க அதில் ஏதாவது இருக்கிறது. சார்ஜர் மறுப்பதற்குக் காரணம் இதுதான், அதன் கோளாறு அல்ல.

மீட்டரை எடுக்குமுன் கண்ணும் மூக்கும். பேக் உப்பியிருந்தால், மூலை நசுங்கியிருந்தால், இனிப்பான நெயில் பாலிஷ் வாடை வந்தால் அங்கேயே முடிந்தது. வோல்டேஜ் எவ்வளவு காட்டினாலும் சரி.

வெளியே பார்க்க நன்றாக இருந்தால் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேலன்ஸ் கனெக்டரில் அளக்கவும். 4எஸ் பேக்கில் ஐந்து கம்பிகள்; கறுப்புக் கம்பியிலிருந்து தொடங்கி, பக்கத்துப் பக்கத்துப் பின்களுக்கு இடையில் ஒவ்வொரு செல்லாக. இரண்டு புரோபும் ஒன்றையொன்று தொட்டால் அந்தச் செல் ஷார்ட் ஆகி பின் கருகிவிடும், கை நடுங்காமல் செய்ய வேண்டும். நான்கு அளவையும் கூட்டி, எக்ஸ்டி60 முனையில் (பேக்கின் மெயின் கனெக்டர்) வரும் மொத்த வோல்டேஜோடு ஒப்பிடுங்கள். ஒரு செல் 0 காட்டுகிறது, ஆனால் மெயின் கம்பியில் 14.4 வோல்ட் வருகிறது என்றால் செல் சாகவில்லை, பேலன்ஸ் கம்பி அறுந்திருக்கிறது அல்லது பின் தளர்ந்திருக்கிறது. நல்ல பேக்கைச் செத்ததென்று தூக்கிப்போடுவதும் நடக்கிறது.

லோடைக் கழற்றியபின் ஒரு மணி நேரம் விட்டு அளப்பது முக்கியம். பறந்து இறங்கிய சூட்டில் 2.8 காட்டிய செல் தானாகவே 3.3-க்கு மீண்டுவிட்டால் பெரிய சேதமில்லை, சார்ஜரே ஏற்றுக்கொள்ளும். எழாமல் 2.5-க்கும் 3.0-க்கும் இடையில் நிற்பதை மெதுவாக ஏற்றிப் பார்க்கலாம். 2.0 முதல் 2.5 வரை என்றால், ஒரு ராத்திரிதான் அப்படிக் கிடந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். 2.0-க்குக் கீழே இருப்பதை எழுப்ப வேண்டாம். மாதக்கணக்கில் பையில் கிடந்த பேக் 2.3 காட்டினால், அதையும் செத்த கணக்கிலேயே சேர்ப்பது நல்லது.

ஏற்றும் இடம்: சிமெண்ட் தரை, மேலே நிழல், பக்கத்தில் ஒரு வாளி மணல், பேக் ஒரு மண்சட்டிக்குள். மொட்டை மாடி வெயிலில் வைக்காதீர்கள், 40 டிகிரிக்கு மேல் லிப்போவை சார்ஜ் செய்யவே கூடாது. படுக்கையறை, பால்கனித் துணிக்கொடி அருகே எல்லாம் வேண்டாம். தீப்பிடித்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும்; கிட்டே போகாமல் விலகி நிற்க இடம் வேண்டும்.

பலரும் செய்வது, சார்ஜரை நிக்கல் பேட்டரி மோடுக்கு மாற்றி 0.1 ஆம்பியரில் ஏற்றுவது. வேலை செய்யும். ஆனால் அந்த மோடுக்கு 4.2 வோல்ட் என்ற வரம்பே தெரியாது, தனித்தனி செல்லையும் பார்க்காது. எழுந்து டீ குடிக்கப் போனால் ஒரு செல் எல்லை தாண்டிவிடும். வேறு வழியில்லாமல் இதைச் செய்தால், பேலன்ஸ் கனெக்டரில் செல் மீட்டரை மாட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்து, எல்லா செல்லும் 3.3-க்கு வந்ததும் நிறுத்த வேண்டும். அதற்குள் ஏதாவது ஒரு செல் 4.1-ஐத் தொட்டாலும் நிறுத்த வேண்டும்.

இதைவிட நல்லது பெஞ்ச் பவர் சப்ளை, அதாவது வோல்டேஜையும் ஆம்பியரையும் நாமே அமைக்கும் கருவி. 3.3 வோல்ட், 75 மில்லி ஆம்பியர் என்று முதலில் அமைத்துவிட்டு, இறங்கிப்போன அந்த ஒரு செல்லுக்கு மட்டும், பிளஸ் மைனஸ் இருமுறை பார்த்து, பேலன்ஸ் பின்கள் வழியாகக் கொடுக்கலாம். 75 மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் போனால் 75 எம்ஏஎச், அதாவது கொள்ளளவில் 5 சதவீதம். ஒழுங்கான செல் அதற்குள் 3.0-ஐத் தாண்டியே ஆக வேண்டும், பெரும்பாலும் சில நிமிஷங்களிலேயே தாண்டும். ஒரு மணி நேரம் கழித்தும் 2.8-இல் திணறினால் நீங்கள் கொடுக்கும் மின்சாரம் சேமிப்பாகவில்லை, உள்ளே கசிகிறது. நிறுத்திவிடுங்கள். வழியில் கைக்குச் சூடு தெரிந்தாலும் அப்படியே. இவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் சூடாகக் காரணமே இல்லை.

எல்லா செல்லும் 3.3-க்கு வந்ததும் கழற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். கொஞ்சம் இறங்கி நிலைத்தால் சரி. மறுபடி 3.0-க்குக் கீழே போனால் வேண்டாம். தேறியதை லிப்போ பேலன்ஸ் மோடில் (எல்லா செல்லையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது), 0.5 ஆம்பியரில், 3.85 வரை மட்டும் ஏற்றி நிறுத்தவும்.

இனிமேல்தான் சோதனை. நான்கு செல்லின் அளவையும் மூன்று தசம இடம் வரை எழுதிவைத்து, மூன்று நாள் மண்சட்டியிலேயே விடவும். எல்லாம் ஒன்றுபோல ஓரிரு மில்லிவோல்ட் இறங்குவது இயல்பு. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் சரிந்திருந்தால் உள்ளே மெல்லிய ஷார்ட் உருவாகிவிட்டது என்று பொருள். சார்ஜர் திரையில் எல்லாம் பச்சையாக இருந்தாலும் அந்தப் பேக்குக்குத் தீர்ப்பு எழுதியாயிற்று.

இதையும் தாண்டினால் 4.2 வரை ஏற்றி, 3.3 வரை இறக்கி, எத்தனை எம்ஏஎச் வந்தது என்று பாருங்கள். ஐமேக்ஸ் பி6 மாதிரி சார்ஜர்களில் டிஸ்சார்ஜ் திறன் 5 வாட்தான், 22 வாட்-ஹவர் பேக்குக்கு நாலரை மணி நேரம் ஆகும், பொறுமை வேண்டும். 1200-க்குக் குறைந்தால் கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே. ஏற்றும்போது 1500 பேக் 1700 எம்ஏஎச் விழுங்கினாலும் சந்தேகப்படுங்கள். உள்மின்தடையில் ஒரு செல் மற்றதைவிட இருமடங்கு காட்டினால், திராட்டிலைத் தூக்கும்போது அதுதான் முதலில் படுக்கும், ட்ரோனும் கூடவே.

எல்லாம் தேறிய பேக்கைக்கூட மேசைச் சோதனைக்கும், ஆளில்லாத மைதானத்தில் தாழப் பறப்பதற்கும் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். கேமரா தூக்கும் ட்ரோனில் வேண்டாம். வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோன்களின் 6எஸ் 16000 எம்ஏஎச் பேக்குகள் சீசன் முடிந்து ஷெட்டில் கிடந்து இதே நிலைக்கு வருவதுண்டு. அவற்றில் 355 வாட்-ஹவர் இருக்கிறது, மேலே சொன்ன சிறிய பேக்கைப்போல பதினாறு மடங்கு. அவற்றில் இந்த முயற்சியே கூடாது.

டிஜேஐ வகை ஸ்மார்ட் பேட்டரிகள் கதை வேறு. பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியாவிட்டால் பல சமயம் அது சாவு இல்லை, உறக்கநிலை. அதன் சொந்த சார்ஜரில் அரை மணி நேரம் விட்டால் எழுந்துகொள்ளும். எழவில்லை என்றால் உள்ளிருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் சிப்) செல்களை அளந்து பார்த்து நிரந்தரமாகப் பூட்டியிருக்கலாம். உறையைப் பிளந்து, செல்லுக்கு நேரடியாகக் கம்பி கொடுத்து, அந்தப் பூட்டை அழிப்பவர்கள் இருக்கிறார்கள். அளக்கத் தெரிந்த சிப்பின் தீர்ப்பை அளக்காமலே மாற்றுகிற வேலை அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சார்ஜ் செய்து வைத்தால் இந்த நிலையே வராது.

தேறாத பேக்கை உப்புத் தண்ணீரில் போடுவது பழைய யோசனை. உப்பு முதலில் செல்லின் உலோக இணைப்பு நாக்குகளை அரித்துவிடும், செல்லுக்குள் மின்சாரம் மிச்சமிருக்கவே இணைப்பு போய்விடும். பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் பல்புகள் இரண்டைத் தொடராக இணைத்து எக்ஸ்டி60-இல் மாட்டி, வெளியே, மண்சட்டியில் விடுங்கள். பல்பு அணைந்தபின்னும் ஒருநாள் அப்படியே இருக்கட்டும். 0 வோல்ட் காட்டினால் முனைகளை டேப் சுற்றி மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்கவும். குப்பைத்தொட்டியில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும்.